பொட்டு வைத்த கோல அட்டைகள்

எங்கள் பள்ளிக்கூடத்தில் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் "புரிஞ்சுது டீச்சர்" என்று பதில் வரும். எதற்கும் வரும். ஒரு நாள் பாடத்தை ஆரம்பிப்பதற்கு முன்பே வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அப்போதும் வந்தது. முதல் பெஞ்சில் நல்ல தொண்டையுள்ள பையன் ஒருவன் இருக்கிறான். அவன் எடுத்துக்கொடுப்பான், மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். ஏழாம் வகுப்பே ஒரே குரலில் இழுத்து முடிக்கும்போது கேட்க நன்றாகத்தான் இருக்கும். நானும் அதை நம்பிக்கொண்டு கரும்பலகையை அழித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன்.

உத்திரமேரூர் பக்கம் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். வீடு வாலாஜாபாத்தில். காலையில் பஸ் பிடித்து, பாலாற்றைத் தாண்டி, பிறகு ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்து போய்ச் சேர வேண்டும். எனக்குக் கோபம் சட்டென்று வரும், வந்த வேகத்தில் போயும்விடும். பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும் என்பதால் என் கோபத்துக்கு அங்கே பெரிய மரியாதை இல்லை. "டீச்சர் கத்துவாங்க, அப்பறம் தண்ணி குடிப்பாங்க, சரியாப்பூடும்" என்று புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு ஒருத்தி சொல்லிக்கொடுத்ததை என் காதாலேயே கேட்டிருக்கிறேன்.

அந்தக் கோரஸ் மீது எனக்கு நம்பிக்கை போனது ஓர் ஆன்லைன் பயிற்சியில். சனிக்கிழமை காலை, எங்கெங்கோ இருந்து ஆசிரியர்கள் சேர்ந்திருந்தோம். எல்லோருடைய கேமராவும் மூடியிருந்தது, மைக்கும் மூடியிருந்தது. நான் போனைச் சர்க்கரை டப்பாமேல் சாய்த்துவைத்துவிட்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். பயிற்சி கொடுத்த பெண் ஏதோ சொல்லி முடித்து "எல்லாருக்கும் புரிஞ்சுதா?" என்றார். திரையில் "புரிந்தது மேடம்", "புரிந்தது மேடம்" என்று மளமளவென்று வந்து விழுந்தது. நானும் கீரை ஒட்டிய விரலால் தட்டிவிட்டேன். அந்தப் பெண் விடவில்லை. அப்போது நடத்தியதிலிருந்தே ஒரு கேள்வியைப் போட்டு, நான்கு விடை கொடுத்து, ஒன்றைத் தொடச் சொன்னார். முடிவு வந்தபோது பாதிக்கு மேல் தப்பு. என்னுடையதும் தப்பு.

யார் தப்பு, யார் சரி என்று எங்களுக்குள் யாருக்கும் தெரியவில்லை. அவரும் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. "சரி, இன்னொரு முறை பார்ப்போம்" என்று சிரித்தபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் கீரையைத் தள்ளிவைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான் கவனிக்காததை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற கூச்சம் ஒரு பக்கம், திட்டவில்லையே என்ற நிம்மதி ஒரு பக்கம். இது மட்டும் என் வகுப்புக்குக் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று ஆசை பிடித்துக்கொண்டது. ஆனால் எங்கள் பிள்ளைகளிடம் ஏது போன்? வாழ்க்கையில் முதல் தடவையாக மைக்கைத் திறந்து கேட்டேன். என் கேள்வியோடு சேர்ந்து குக்கர் விசிலும் அத்தனை பேருக்கும் கேட்டது.

பிள்ளைகளுக்குப் போன் வேண்டாம், டீச்சரிடம் ஒன்று இருந்தால் போதும் என்று அவர் ஒரு வழி சொன்னார். ஆளுக்கொரு அட்டை. நடுவில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள், நான்கு பக்கத்திலும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. எந்த விடை சரி என்று நினைக்கிறோமோ அந்த எழுத்து மேலே இருக்கும்படி அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். டீச்சர் அதற்கான ஆப்பைத் திறந்து போன் கேமராவை வகுப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓட்டினால், யார் எந்தப் பக்கம் பிடித்திருக்கிறார்கள் என்று அது படித்துவிடும். சரியென்றால் பெயருக்கு நேரே பச்சை, தப்பென்றால் சிவப்பு. ஒருவர் அட்டையில் இருக்கிற கட்டம் இன்னொருவர் அட்டையில் இருக்காது. அதனால் பக்கத்தில் எட்டிப் பார்த்துப் பிரயோஜனமில்லை.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் அச்சடித்து, பழைய காலண்டர் அட்டைகளில் பிள்ளைகளையே ஒட்டச் சொன்னேன். ஒட்டி முடிப்பதற்குள்ளேயே பெயர் வைத்துவிட்டார்கள். "டீச்சர், என் கோலத்துல பசை ஜாஸ்தியாப்பூச்சு" என்றது ஒன்று. அன்றிலிருந்து அவை கோல அட்டைகள்தான். முதல் பெஞ்சுப் பையன் மட்டும் பேஜாராகிப்போனான். "இன்னா டீச்சர் இது, பாத்துப் போட முடியலயே!" என்று எல்லோர் சார்பிலும் கேட்டான்.

முதல் கேள்வி: மைனஸ் ஏழு, மைனஸ் மூன்று, இரண்டில் எது பெரியது? இரண்டு நாள் தொண்டை கிழிய நடத்தியிருந்தேன். "புரிஞ்சுதா?" என்றேன். கோரஸ் கணீரென்று வந்தது. அட்டைகள் உயர்ந்தன. போனை ஓட்டினேன். ஒரே சிவப்பு. போனில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்துக் கேமராவைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். மறுபடியும் அதே சிவப்பு. பச்சையை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஏழு பெரிசு, அதனால் மைனஸ் ஏழும் பெரிசு என்று வகுப்பே ஒற்றுமையாக முடிவு செய்திருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ரெண்டு நாளா நாய் மாதிரி கத்திக்கினு கீறேன். ஒருத்தராவது வாயத் தொறந்து புரியலன்னு சொல்லக் கூடாதா?" என்றேன். எனக்குக் கோபம் வந்தால் வாலாஜாபாத் பேச்சு தானாக வந்துவிடும்.

"நீங்க கோச்சிப்பீங்க டீச்சர்" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

அது யாரென்று கேட்க வாயெடுத்தவள், தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தேன். குடித்து முடித்துவிட்டு, "உங்க வூட்டுக் கெணத்துல தண்ணி தரையிலிருந்து ஏழு அடி கீழ கீது. பக்கத்துக் கொல்லக் கெணத்துல மூணு அடி கீழ கீது. எதுல தண்ணி மேல கீது?" என்று கேட்டேன். "பக்கத்துக் கொல்லயில!" என்று ஒரே சத்தம். "அப்ப மைனஸ் ஏழு, மைனஸ் மூணுல எது பெருசு?" என்றேன். கண்ணை மூடி யோசித்தது சிலது, விரலால் காற்றில் கிணறு போட்டுப் பார்த்தது சிலது. அட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. இந்த முறை பச்சை மளமளவென்று ஏறியது. அன்று பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை என்பதே எனக்கு வீட்டுக்கு வந்தபிறகுதான் ஞாபகம் வந்தது.

மூன்றாவது பெஞ்சில் சுவரோரம் ஒரு பெண் இருந்தாள். அப்பாவும் அம்மாவும் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள். கோரஸில் அவள் உதடு அசையும், சத்தம் வராது. வருகை எடுக்கும்போது "உள்ளேன் டீச்சர்" என்பாளே, அது ஒன்றுதான் நான் கேட்டிருந்த அவள் குரல். அதுவும் பாதி சுவருக்குப் போய்விடும். கோல அட்டை வந்த பிறகு அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். மற்றவர்கள் டக்கென்று தூக்குவார்கள். இவள் அட்டையை மடியில் வைத்து ஒரு பக்கம் திருப்புவாள், யோசிப்பாள், மறுபடி திருப்புவாள், கடைசியில்தான் தூக்குவாள். ஒரு நாள் மணி அடித்ததும் என் மேஜைக்கு வந்து, "டீச்சர், என்னுது பச்சயா செவப்பா?" என்று காதோடு கேட்டாள். போனைக் காட்டினேன். பச்சை. கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அதற்குப் பிறகு தினமும் வந்தாள். சிவப்பாக இருக்கும் நாட்கள்தான் அதிகம். "ஏன் டீச்சர்?" என்பாள். சொல்வேன். தலையாட்டிவிட்டுப் போவாள். அவள் தலையாட்டினால் அது நிஜம் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் மறுநாள் அதே மாதிரிக் கணக்குக்குப் பச்சை வரும். ஆனால் எல்லாம் என் காதோடுதான். வகுப்பில் எழுந்து ஒரு வார்த்தை கேட்டதில்லை.

இந்த நேரம் பார்த்து எங்கள் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். உத்திரமேரூர்க்காரர், நேர்மையான மனுஷி. தன்னைத் தவிர யாரும் விதிகளைப் படிப்பதில்லை என்பது அவருடைய நிரந்தரக் கவலை.

"டீச்சர், கிளாஸ்ல போன் கூடாதுன்னு நானே எல்லாருக்கும் சொல்லிட்டு கீறேன். நீங்க போன தூக்கிப் பிடிச்சிக்கினு சுத்தி சுத்தி வந்தா, ஜன்னலாண்ட போறவங்க இன்னா நெனப்பாங்க? டீச்சர் வீடியோ எடுத்துக்கினு கீறாங்கம்பாங்க."

"கணக்குக்குத்தான் மேடம்" என்றேன்.

"நான் நம்புறேன். ஊரு நம்பணுமே. லீவு முடிஞ்சி ஸ்கூல் தெறக்கற அன்னிக்கு பி.இ.ஓ. சார் வராரு. அவர் எதிர்லயே நடத்திக் காட்டுங்க. அவர் சரின்னா சரி. இல்லன்னா போன் தெனம் காலைல என் பீரோவுக்கு வந்துடணும்."

பி.இ.ஓ. என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். சரி மேடம் என்று கெத்தாகத் தலையாட்டிவிட்டு வந்தேன். போன் பீரோவுக்குப் போனால் எனக்கு ஒன்றும் குடி முழுகிவிடாது, பழையபடி கத்திவிட்டுத் தண்ணீர் குடிப்பேன். ஆனால் அந்தச் சுவரோரத்துப் பெண் மறுபடியும் கோரஸுக்குள் போய்விடுவாள். உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு என்று போய்க்கொண்டே இருப்பாள். அவளுக்கு எது தெரியும், எது தெரியாது என்பது ஒருவருக்கும் தெரியாமலே போய்விடும். அதை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை.

காலாண்டு விடுமுறைக்கு முந்தின நாள் பள்ளியில் சரஸ்வதி பூஜை. நான் ஆசிரியர் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பொரியும் சுண்டலும் வந்தது, சாப்பிட்டேன். எனக்கும் அந்தப் பூஜைக்கும் இருந்த சம்பந்தம் அவ்வளவுதான்.

பள்ளி திறந்த நாள். போனுக்கு முழு சார்ஜ், டேட்டாவுக்கு ரீசார்ஜ், எனக்கு இஸ்திரி போட்ட புடவை. கண்ணில் களைப்பு தெரிந்தாலும் பி.இ.ஓ. சார் மரியாதையாகப் பேசுகிற மனிதர். என் வகுப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், எங்கள் மேடம் பக்கத்தில் நின்றார். நான் ஆன்லைன் கருவிகள் வகுப்பறையை எப்படி மாற்றுகின்றன என்று இரண்டு நிமிஷம் பேசினேன். வரும் வழியில் பஸ்ஸில் மனப்பாடம் செய்தது. பேசி முடித்து, "கோல அட்டய எடுத்துக் குடுங்க" என்றேன். முதல் பெஞ்சுப் பையன் அலமாரியைத் திறந்து பையை எடுத்தான். பையிலிருந்து சந்தன வாசனை வந்தது. அப்போதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. அவன் ஒவ்வொன்றாகப் பிய்த்தான். சர்ரென்று கிழிகிற சத்தம். ஓர் அட்டையை வாங்கிப் பார்த்தேன். நான்கு மூலையிலும் சந்தனம், குங்குமம். நடுவில், கறுப்பு வெள்ளைக் கட்டங்களின் மேல், எட்டணா அகலத்துக்குப் பெரிய பொட்டு ஒன்று.

"இன்னாடா இது?"

"பூஜைக்குப் படைச்சோம் டீச்சர்" என்றான் பெருமையாக. "போர்டுக்கு வெச்சோம், டஸ்டருக்கு வெச்சோம், பூட்டுக்குக் கூட வெச்சோம். கோலத்துக்கு வெக்கலன்னா எப்டி? நம்ம கிளாஸ்ல கீற ஒரே கம்ப்யூட்டரு அதான டீச்சர்?"

பி.இ.ஓ. சார் இருமினார். அது இருமல் இல்லை என்று எனக்குத் தெரியும். தைரியத்தைக் கூட்டிக்கொண்டு ஒரு கேள்வியைப் போட்டு, அட்டைகளைத் தூக்கச் சொல்லிப் போனை ஓட்டினேன். போன் பாவம், தேடித் தேடிப் பார்த்தது. சந்தனத்துக்கு அடியில் எது கறுப்பு, எது வெள்ளை என்று அதற்கு எப்படித் தெரியும்? ஒரே ஓர் அட்டையை மட்டும் படித்தது. அந்த அட்டைக்கு வரும்போது சந்தனம் தீர்ந்துபோய்விட்டதாம்.

"போதும் டீச்சர்" என்றார் மேடம், தாழ்ந்த குரலில். கையை நீட்டினார். போனைக் கொடுத்தேன். அதைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தார். எனக்கு முகம் தொங்கிப்போயிற்று. பிள்ளைகளைத் திட்டவும் மனம் வரவில்லை. உசத்தியானது என்று நினைத்ததால்தானே பொட்டு வைத்தார்கள்.

"பரவாயில்ல, எப்பவும் போல நடத்துங்க" என்றார் பி.இ.ஓ. சார்.

எப்பவும் போல நடத்தினேன். ஐந்திலிருந்து மைனஸ் இரண்டைக் கழி என்று கரும்பலகையில் எழுதினேன். மைனஸ் எண்ணைக் கழித்தால் கூட்டல் ஆகிவிடும், ஆகவே ஐந்தும் இரண்டும் ஏழு என்று எழுதி முடித்தேன். என் குரல் எனக்கே உப்புச்சப்பில்லாமல் இருந்தது.

"என்ன, புரிஞ்சுதா?" என்று சார் வகுப்பைப் பார்த்துக் கேட்டார். முதல் பெஞ்சுப் பையன் மூச்சை இழுத்தான். "புரிஞ்..." என்று வகுப்பு ஆரம்பித்தது.

"புரியல சார்."

கோரஸ் பாதியில் நின்றது. எல்லாத் தலையும் சுவர்ப் பக்கம் திரும்பியது. அவள்தான். உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிவிட்டாள், பிறகுதான் எழுந்து நின்றாள். பக்கத்துப் பெண் அவள் பாவாடையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அதிகாரி எதிரில் புரியல என்று சொல்வதா? எங்கள் பள்ளிக்கூட வரலாற்றிலேயே அப்படி யாரும் சொன்னதில்லை. மேடம் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

"என்னம்மா புரியல?" என்றார் சார்.

பொட்டு வைத்த அட்டையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். "கயிச்சா கொறையணும் இல்ல சார்? அஞ்சுலேர்ந்து கயிக்கிறோம். ஏயு எப்டி ஆவும்? கூட்டல் ஆவும்னு டீச்சர் சொன்னாங்க. ஏன் ஆவுதுன்னு சொல்லல."

பக்கத்துப் பெண் பாவாடையை விட்டுவிட்டாள். பிறகு பின்னாலிருந்து, "எனக்குந்தான் சார் புரியல" என்று ஒரு குரல். இன்னொன்று. முதல் பெஞ்சுப் பையன் தலையைச் சொறிந்தபடி எழுந்து, "எனக்கும் புரியல சார். சும்மா சொல்லிக்கினு இருந்தேன்" என்றான். பி.இ.ஓ. சார் இந்த முறை இருமவில்லை, வாய்விட்டே சிரித்தார்.

எனக்கு அவமானமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் குரல் அவ்வளவு பெரியது என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

"எல்லாரும் வராந்தாவுக்கு வாங்க" என்றேன். அதிகாரியையும் கேட்காமல், மேடத்தையும் கேட்காமல். தரையில் சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு கிழித்து எண்களை எழுதினேன். அவளை ஐந்தின் மேல், பெரிய எண்கள் இருக்கும் பக்கம் பார்த்து நிற்கச் சொன்னேன். "கழிக்கணும்னா திரும்பு" என்றேன். சின்ன எண்கள் பக்கம் திரும்பி நின்றாள். "வெறும் ரெண்டுன்னா நேரா ரெண்டு அடி நடப்ப. இது மைனஸ் ரெண்டு. அதனால முகத்தத் திருப்பாம பின்னால ரெண்டு அடி வை." பாவாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒன்று, இரண்டு என்று பின்னால் வைத்தாள். குனிந்து காலடியைப் பார்த்தாள்.

"டீச்சர்! திரும்பிக்கினு பின்னால நடந்தா ஏயுக்குல்ல வரேன்!"

அதன் பிறகு வராந்தாவைக் கட்டுப்படுத்த முடியவில்லை. ஆளாளுக்குக் கோட்டின் மேல் திரும்பி நின்று பின்னால் நடந்தார்கள், மோதிக்கொண்டார்கள். முதல் பெஞ்சுப் பையன் பின்னாலேயே நடந்து பி.இ.ஓ. சாரின் செருப்பை மிதித்தான். அவர் கோபிக்காமல் காலை நகர்த்திக்கொண்டு அவளைப் பார்த்து, "இப்ப புரிஞ்சுதாம்மா?" என்று கேட்டார்.

பழக்க தோஷத்தில் நாலைந்து வாய் திறந்தது. அவள் யோசித்தாள். மடியில் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாளே, அதே யோசனை. "நடந்தா புரியுது சார். எயுதனா பாதிதான் புரியுது" என்றாள்.

"எல்லார் எதிர்லயும் புரியலன்னு சொல்றியே, பயமா இல்லயா?"

"தெனம் எனக்கு செவப்புதான் சார் வரும்" என்றாள். "செவப்பு வந்தா டீச்சர் திட்ட மாட்டாங்க. மறுபடி சொல்லித் தருவாங்க."

சார் எங்கள் மேடத்தைப் பார்த்தார். மேடம் கைப்பையின் ஜிப்பைத் திறந்து, போனை எடுத்து, தன் புடவைத் தலைப்பால் ஒரு தடவை துடைத்து என் கையில் வைத்தார். "புது அட்ட அடிச்சிடுங்க டீச்சர்" என்றார். "இந்த தபா மேல பிளாஸ்டிக் போட்டுடுங்க. பசங்க பொட்டு வெக்காம இருக்கமாட்டாங்க."

இத்தனை வருஷத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் என்னிடம் புரிஞ்சுது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். பாதிதான் புரியுது என்று ஒரு பிள்ளை என் முகத்துக்கு நேரே சொன்னது அன்றுதான். மதியச் சாப்பாட்டு மணி அடித்து எல்லோரும் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவள் ஓடவில்லை. மீதிப் பாதிக்காக நாங்கள் இருவரும் அந்தக் கோட்டின் மேலேயே நின்றுகொண்டிருந்தோம். சாம்பார் வாசனை வராந்தா வரை வந்தது. எங்கள் இருவருக்கும் பசி தெரியவில்லை.